சத்தமில்லாத நான்கு டயர்கள்

அந்த டயர் வேண்டாம்.

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். நமக்குள் அறிமுகம்கூட இல்லை. ஆனால் நீங்கள் ஹபீப் பாயிடம் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது. வண்டி குலுங்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது, பெட்ரோலும் குறைவாகக் குடிக்க வேண்டும் என்றீர்கள். போன வெள்ளிக்கிழமை இதே மேஜைக்கு முன்னால் நின்று இதே மூன்றையும் இதே வரிசையில் நானும் கேட்டேன். கேட்டதெல்லாம் கிடைத்தது. அதைக் கழற்றிப் போடத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

"சார், வர்ற கஸ்டமரை விரட்டாதீங்க" என்கிறார் பாருங்கள். விரட்டவில்லை பாய், தகவல் சொல்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். எனக்கு முன்னால் ஒரு வேன், அப்புறம் நான், அப்புறம்தான் நீங்கள். பாய் பத்து நிமிஷம் என்பார். அவருடைய பத்து நிமிஷத்தை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். சராசரி நாற்பத்திரண்டு.

என் பெயர் தணிகாசலம். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். ஒலியியல் என் பாடம். சத்தம் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் போகிறது, எங்கே போய் அடங்குகிறது. இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. டயரைப் பற்றி ஒருவன் இவ்வளவு பேசினால் கம்பெனி ஏஜெண்ட் என்று நினைத்துவிடுவீர்களே, அதற்காக.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றுக்கொன்று பகை, தெரியுமா? குலுங்காமல் இருக்க வேண்டுமானால் டயரின் பக்கச்சுவர் மெத்தென்று இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாக வேண்டுமானால் ரப்பர் இறுக்கமாக இருந்து லேசாக உருள வேண்டும். சத்தம் வராமலிருக்க, மேலே வெட்டியிருக்கிறார்களே பாத்தி பாத்தியாக, அந்தக் கட்டங்கள் சின்னதாக, ஒரே அளவில் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே அளவில் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடும். மூன்றையும் சமாதானப்படுத்தி ஒரே டயரில் வைப்பது லேசில்லை. நான் மூன்று மாதம் நோட்டுப் போட்டுப் படித்தேன். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். டயருக்கு ஜாதகம் அதுதான். பாய் முதலில் காட்டிய டயர் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "பரவாயில்ல சார், நிழல்லதான் இருந்துச்சு" என்றார். நானும் நிழலில்தான் இருந்தேன் பாய், எனக்கு அறுபத்தாறு ஆகவில்லையா என்றேன். உள்ளே போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வந்தார்.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்பீர்கள். என் மனைவிக்காக. நவநீதம் ஏழு மாதமாக என் காரில் ஏறாமலே இருந்தாள்.

சண்டை எல்லாம் இல்லை. சத்தம்தான் காரணம். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் எங்கள் மகள் ஹேமாவுக்குத் திருப்பத்தூரில், அவள் மாமியார் வீட்டில், வளைகாப்பு. முடித்துக்கொண்டு பிரசவத்துக்கு அவளைச் சேலத்துக்குக் கூட்டிவந்தோம். நான் ஓட்டினேன். நவநீதம் பக்கத்தில், ஹேமா பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வளையல் சத்தம் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். இதில் விஞ்ஞானம் இருக்கிறது, ஏழாம் மாதத்தில் கேட்கத்தான் செய்யும். ஆனால் கண்ணாடியின் உச்சஸ்தாயி தண்ணீருக்குள் போகும்போது மழுங்கிவிடும். இதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹேமா, "அப்பா, அவனையாவது தூங்க விடுங்க" என்றாள். ஆண் என்றே முடிவு கட்டியிருந்தாள். பிறந்தது பெண்.

ஊத்தங்கரை தாண்டினதும் அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். கொள்ளு அறுவடை முடிந்ததும் செடியைக் கொண்டுவந்து தார்ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். முழங்கால் உயரத்துக்கு, இருபதடி முப்பதடி நீளத்துக்கு. போகிற வருகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறிப் போக, டயர் மிதித்தே கொள்ளு உதிர்ந்துவிடும். களம் அடிக்கக் கூலி இல்லை. சிலர் ஒதுங்கிப் போவார்கள், சக்கரத்தில் தழை சுற்றிக்கொள்ளும் என்று. நான் ஒதுங்க மாட்டேன். வேண்டுமென்றே நடுவிலே ஏற்றுவேன். உழவனுக்கு நம்மால் முடிந்தது அதுதானே? வண்டிக்கும் நல்லது. வைக்கோல் மெத்தையில் போகிற மாதிரி, ஒரு பத்து விநாடி சத்தமே இருக்காது.

அன்றைக்கும் ஏற்றினேன். ஐம்பதில் போயிருப்பேன். ஐம்பத்தைந்து. செடி சரசரவென்று அடியில் உரசுகிறது, அப்புறம் அந்த மெத்தென்ற அமைதி, அதற்கு நடுவில் ஒரு தடக். இடது முன் சக்கரம். பின்னால் வளையல் மொத்தமும் ஒருமுறை குலுங்கிற்று.

"என்னப்பா?" என்றாள் ஹேமா.

"கல்லும்மா."

கல்தான். செடி பறக்காமலிருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். ஒன்று உள்ளே உருண்டிருக்கும். இது சாதாரண ஊகம்.

நவநீதம் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "நிறுத்துங்க" என்றாள். அவள் குரல் எப்போதுமே சின்னது. நாற்பது வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. "ஏங்க, நிறுத்துங்க."

வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு நடுரோட்டில் எங்கே நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள். சீர்வரிசைத் தட்டு வேறு டிக்கியில். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி வருகிறோம், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும். ஒரு கல்லுக்காக நிறுத்துவார்களா?

அரூர் வந்து டீ குடித்தோம். டீக்கடையில் வைத்துத்தான் அவள் சொன்னாள். "கல்லா இருந்தா தூக்கிப் போட்டிருக்கும். இது அமுங்குச்சு."

அமுங்காது, அது டயரின் பக்கச்சுவர் வளைந்தது என்று விளக்கினேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். முன் சக்கரம் ஏறினால் அதே தடத்தில் பின் சக்கரமும் ஏற வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு விநாடி கழித்து இரண்டாவது தடக் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே கல் உருண்டு விலகிவிட்டது.

"உருளலைங்க" என்றாள். "தன்னை இழுத்துக்கிச்சு."

அவள் எட்டாம் வகுப்பு. இயற்பியல் படித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவினேன். அச்சில் கொள்ளுத் தழை சுற்றிக்கொண்டிருந்தது. கையாலேயே பிய்த்து எடுத்தேன். ஒவ்வொரு தழையாகப் பிரித்துப் பார்த்தேன். டார்ச் அடித்து, கீழே சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. நவநீதம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "பார், ஒன்றுமில்லை" என்றேன். "கல்லுக்கா இவ்ளோ தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்கள் சில சமயம் இப்படித்தான், சம்பந்தமில்லாமல் கேட்பார்கள்.

அந்த ஊரின் பெயரா? தெரியாது. அதுதான் எனக்கே ஆச்சரியம். ரோட்டோரப் பலகை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். 'பஞ்சர் போடப்படும்' என்பதில் எத்தனை விதமான பிழை சாத்தியம் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன், இதுவரை பதினேழு. அந்த ஊர்ப் பலகையை மட்டும் படிக்கவில்லை. இருந்தது. பச்சைப் பலகை. படிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது.

ஐம்பதைத் தாண்டினால் அடியிலிருந்து ஒரு முனகல். உம்ம்ம் என்று ஏறும், இறங்கும். டயர் தேய்மானம் என்றேன். அலை அலையாகத் தேய்ந்தால் அப்படித்தான் முனகும், புத்தகத்திலேயே இருக்கிறது. நவநீதம் ஒருநாள் கோயிலுக்கு வர ஏறினாள். பாதி வழியில், "இறக்கி விடுங்க, நான் ஆட்டோல வர்றேன்" என்றாள். "இந்தச் சத்தத்துல என்னால உக்கார முடியல." அதுதான் கடைசி. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போதுகூட ஹேமாவையும் என்னையும் காரில் அனுப்பிவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தாள். அறுபத்திரண்டு வயதுக்காரி, கையில் பிளாஸ்கோடு, ஸ்கூட்டரில்! பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இதற்கு நடுவில் அவளுக்குப் பக்தி வேறு வந்துவிட்டது. பங்குனியிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி எங்கேயோ ஒரு கோயிலுக்குப் போகிறாள். வேண்டுதல் என்றாள். எந்தக் கோயில் என்றேன். "அரூர்ப் பக்கம்" என்றாள். அந்தப் பக்கத்துக் கோயில்களின் தலபுராணம் நாலைந்து படித்திருக்கிறேன். என்ன மூர்த்தி, என்ன தலவிருட்சம் என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். காலையில் மகளுக்குப் பத்தியச் சமையலை முடித்துவிட்டுப் போனால் சாயந்தரம் வருவாள். திருநீறு இல்லை, குங்குமம் இல்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு படி கொள்ளு. கொள்ளைப் பிரசாதமாகக் கொடுக்கிற கோயில் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் கிடையாது. ஐயனார் குதிரைக்கு வாங்கியதில் மிச்சமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். உடம்பு இளைத்துவிட்டது, பாருங்கள்.

போகும்போது பை நிறைய எடுத்துப் போவாள். ஹேமா சின்ன வயதில் போட்ட கவுன்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன. இப்போது இல்லை. ஸ்லேட்டு ஒன்று இருந்தது, அதுவும் இல்லை. அம்மனுக்குக் கவுன் சாத்துகிற வழக்கம் எந்த ஆகமத்திலும் இல்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை. மற்றவர்கள் பக்தியில் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை.

நாளைக்குப் புதன்கிழமை. பேத்திக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. தாயையும் பிள்ளையையும் திருப்பத்தூரில் கொண்டுவிட வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கிளம்பவேண்டும் என்று சம்பந்தி போன மாதமே சொல்லிவிட்டார். பாட்டி கூடப் போகாமல் இருக்க முடியாது. கைக்குழந்தை வண்டியில் தூங்கவேண்டும். குலுங்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது. அதற்குத்தான் அந்த மூன்று மாத ஆராய்ச்சி. பெட்ரோல் மிச்சம் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு காரணத்துக்காக மட்டும் நான் எதையும் வாங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை பாய் போட்டுக் கொடுத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. சக்கரத்தை நேர்பண்ணி, ஈயம் ஒட்டிச் சுழற்றிப் பார்த்து, காற்று முப்பத்துமூன்று. எல்லாம் முடிந்ததும் ஒரு டப்பாவிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். "பாய், உங்களுக்கு எதுக்கு இது?" என்றேன். "கஸ்டமருக்கு வேணும்ல சார். கம்பெனி வாரண்டி ஒரு பக்கம், இது ஒரு பக்கம்" என்றார். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் பழத்தை வீணாக்கவும் மனசில்லை. வண்டியை எடுத்தேன்.

புது டயர். சத்தமே இல்லை. தரையில் போகிறதா, தண்ணீரில் போகிறதா என்றே தெரியவில்லை. அந்த அமைதியில் இடது பக்கம் அது நசுங்கியது கேட்டது. தோல் விட்டுக்கொடுத்து, உள்ளே இருந்தது பிதுங்கி, அடங்கியது.

பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். கதவைத் திறந்து இறங்கி, இதோ இங்கே, இந்த எண்ணெய்த் தரையில், முழங்கால் போட்டுக் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தேன். பாய் ஓடிவந்தார். "என்ன சார், என்ன ஆச்சு?"

எலுமிச்சம்பழம்.

"எலுமிச்சம்பழத்துக்கா சார் இறங்கிப் பார்த்தீங்க?" என்று இவர் சிரித்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேட்டி முழங்காலில் கறை. இன்னும் போகவில்லை.

சரி, அது போகட்டும். உங்களுக்கு ஒலியியலில் ஒரு விஷயம் சொல்கிறேன். பெரிய சத்தம் ஒன்று இருந்தால் சின்னச் சத்தங்கள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இருக்கும், ஆனால் கேட்காது. பெரியதை எடுத்துவிட்டால் சின்னதெல்லாம் வெளியே வந்துவிடும். வகுப்பில் வருஷா வருஷம் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தினால்தான் கடிகாரம் கேட்கும். என் காருக்கு இது பொருந்தும் என்று முப்பத்தொரு வருஷ வாத்தியாருக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை தனியாக எடுத்துப் போனேன். பைபாஸில் அறுபது. செல்போனில் சத்தத்தை அளக்கிற கருவி இருக்கிறது. முன்னே எழுபத்தொரு டெசிபல் காட்டியது, இப்போது அறுபத்து மூன்று. அந்த முனகல் அடியோடு போய்விட்டது. ரொம்பச் சந்தோஷம். ஒரு மைல் போனேன். தடக்.

ரோட்டில் ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி ரோடு. மறுபடி கொஞ்சம் போனேன். தடக். இடது முன்.

கணக்குப் போட்டேன். டயரிலே கோளாறென்றால் சக்கரம் சுற்றும்போதெல்லாம் வர வேண்டும். என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். அறுபதில் போனால் விநாடிக்கு எட்டரைச் சுற்று. எட்டரை தடவை தடக் தடக் என்று வந்தால் அது டயர். இது எப்போதோ ஒருமுறை வருகிறது. ஒரே ஒருமுறை. பின் சக்கரத்துக்கு வருவதில்லை. நான் காத்திருப்பேன், ஐந்தில் ஒரு பங்கு விநாடி. வராது.

இங்கே கொண்டுவந்து காட்டினேன். பாய் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே கேக்கல சார். கல்யாண வீட்டுக் கட்டில் மாதிரி இருக்கு" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு முறை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நவநீதம் தானாக வந்து காரில் ஏறினாள். ஏழு மாதம் கழித்து! பேத்திக்குத் தொட்டில் துணி வாங்கவேண்டும் என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். கடைத்தெருவுக்கு நேராகப் போகாமல் பைபாஸ் சுற்றிக் கூட்டிப்போனேன். அறுபது. "கேக்குதா? ஒன்னும் கேக்கலை பார்! அறுபத்து மூணுதான்!" என்று செல்போனைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஆமா. இப்ப பேசலாம்" என்றாள்.

"என்ன பேச?"

"புதன்கிழமை போறப்ப அங்க நிறுத்தணுங்க."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

டீ குடிக்கவா, அரூரில் நிறுத்தலாமே என்றேன்.

"அந்தம்மா பாப்பாவைப் பாக்கணும்னு சொல்லுச்சு."

"எந்தம்மா?"

"ஏழு மாசமா சொல்ல வர்றேன். வண்டியில சத்தம். வீட்டுல டிவி. இல்லன்னா நீங்க பேசிட்டு இருக்கீங்க." நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கீரைக்காரியிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நான் போயி சொல்லிட்டேங்க. எங்க வண்டிதான்னு சொல்லிட்டேன்."

நான் ஏசி விசிறியை நாலில் வைத்தேன். அவள் கையை நீட்டி அதை அணைத்தாள். அந்தப் பொத்தானை அவள் தொட்டு நான் பார்த்ததே இல்லை. "அங்க செடிக்குள்ள ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

நான் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். லாரிச் சத்தம், காற்று, எல்லாம் உள்ளே வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். தலைமுடி முகமெல்லாம் பறந்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை. அப்படியே கடைத்தெருவுக்குப் போய்த் தொட்டில் துணி வாங்கிக்கொண்டு வந்தோம். பூப்போட்டது.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். முறையாகத்தான் யோசிக்கிறேன். அது கல்லாக இருந்தால் அங்கே ஒரு அம்மா இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா இருக்கிறாள் என்றால் கல் இல்லை. சரி. ஆனால் பெரிய விபரீதமாக இருந்தால் அந்த அம்மா என் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று சொல்வாளா? வெட்ட வரமாட்டாளா? ஆகவே விபரீதம் இல்லை. அப்படியானால் எதற்கு நிறுத்தச் சொல்கிறாள்? ஒருவேளை பார்க்க வேண்டும் என்பதே வேறு எதற்காகவோ? கைக்குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது. மறுபடி கல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருப்பத்தூருக்கு வேறு ரோடு இல்லையா என்கிறீர்களா? உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று சுற்றிக்கொண்டு போகலாம். சொல்லிப் பார்த்தேன். "போங்க. நான் பஸ்ல போயி அங்க நிக்கறேன்" என்றாள். "நிக்கறது எனக்குப் புதுசா?"

அதனால்தான் இன்று வந்தேன். பழைய டயரைத் திரும்ப மாட்டுங்கள் என்று கேட்டேன். அது போய்விட்டதாம். பழைய டயர் வாங்குகிற வண்டி நேற்று வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். "அந்த மொட்டை டயரை வெச்சு என்ன சார் செய்யப் போறீங்க?" சரி பாய், உங்களிடம் இருப்பதிலேயே அதிகச் சத்தம் வருகிற டயரைக் கொடுங்கள் என்றேன். அப்போது இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இருபத்தெட்டு வருஷத்துல இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். அதோ சுவர் ஓரத்தில் எடுத்து வைத்திருக்கிறார். மண்ரோட்டில் போகிற முரட்டு டயர். கட்டம் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி மாதிரி. அதைப் போட்டால் எண்பது வரும். பக்கத்தில் இருப்பவர் வாயசைவதுதான் தெரியும். குழந்தை? குழந்தைகள் சத்தத்திலும் தூங்கும். வயிற்றுக்குள்ளே அமைதியாகவா இருந்தது?

இருங்கள். போன். நவநீதம்தான். ஹேமா சொல்லியிருப்பாள், அப்பா டயர் கடைக்குப் போயிருக்கிறார் என்று. நான் அந்தக் கம்ப்ரசர் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். இல்லை, அங்கே சத்தம் அதிகம்தான், தெரியும். பரவாயில்லை.

...

நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா. நல்லது.

காதில் போனை வைத்துக்கொண்டு, "ஒன்னும் கேக்கலை, இங்க மெஷின் ஓடுது, அப்புறம் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையிலேயே கேட்கவில்லை. அவள் விடாமல் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இயந்திரம் இருக்கிறதே, தொட்டியில் காற்று நிறைந்தால் தானாக நின்றுவிடும். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். நின்றுவிட்டது.

பெண் குழந்தை. ஆறு வயது. வெயிலுக்காகச் செடிக்குள் புகுந்து படுத்திருந்ததாம், அம்மா அந்தப் பக்கம் முறத்தோடு புடைத்துக்கொண்டிருந்தபோது. ஒரு கால். எலும்பு கூடிவிட்டது, ஆனால் குட்டையாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறது. பெயர் பூவிதா. நவநீதம் பெயரைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒருவர் காலுக்குத் தக்க செருப்பு செய்கிறாராம், ஒரு பக்கம் அடி உயர்த்தி. "பக்கத்துலதான இருக்கீங்க, போயி சொல்லிட்டு வந்துருங்க. நாளைக்கே கேக்கல. அடுத்த வாரம் குடுத்தாப் போதும்."

"எந்தக் கால்?" என்று கேட்டேன்.

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. அவள் அழுதாலும் சத்தம் வராது. பிறகு, "இடது" என்றாள்.

"எவ்வளவு குறைகிறது?"

"ஒரு இஞ்ச் இருக்கும்."

"இருக்கும் என்றால் எப்படி? ஒரு இஞ்ச்சா, ஒன்றேகாலா? குழந்தையின் காலுக்கு அரைக்கால் இஞ்ச் தப்பினாலே இடுப்பு வலிக்கும். பாதம் எத்தனை சென்டிமீட்டர்? குதிகால் அகலம்? நிற்கவைத்து அளந்தாயா, உட்காரவைத்தா?"

"நாளைக்கு நீங்களே வந்து அளந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பாய், என் வண்டியை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த சாரின் வண்டியை ஏற்றுங்கள். ஆமாம், வேண்டாம், அந்த முரட்டு டயர் வேண்டாம். இருப்பதே இருக்கட்டும்.

இன்னொன்று பாய், உங்களிடம் டேப் இருக்கிறதா? இது இல்லை, இரும்பு டேப் வேண்டாம், சில்லென்று இருக்கும், பயந்துவிடும். தையற்காரர் வைத்திருப்பாரே, துணி டேப்.